மாமன் வீட்டு முயல்

பிள்ளைப்பாக்கம்
20.1.2025

அன்புத் தங்கச்சி கலைமதிக்கு,

அண்ணன் மண்ணாங்கட்டி எழுதுவது. நானும் உன் அண்ணியும் இங்கே சுகம். நீயும், குழந்தை அறிவுமதியும், உன் வீட்டுக்காரரும் (எழுத மனசு வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்) அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

செல்போன் காலத்தில் அண்ணன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டானே என்று சிரிக்காதே. உன் போனில் என் நம்பரை முடக்கி வைத்தது யார்? உன் சாம்சன்தானே. கம்பெனிக்குள் போன் கொண்டு போகவும் விடமாட்டார்கள். பிறகு நான் புறாவையா பறக்கவிடுவது? உங்கள் கம்பெனி பஸ் ஓட்டுகிற திருமலை என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குப்பா தொங்கிப் போய்க் கீற? ரெண்டு வரி எழுதிக் குடு, உன் தங்கச்சி டெய்லி என் வண்டியிலதான் ஏறுது, கையில குடுத்துடறேன்" என்றார். நல்ல மனுஷன்.

உன் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் ஊர் பார்க்க நான் அவர் சட்டையைப் பிடித்தேன். என் நிழல்கூட உங்கள் வாசலில் விழக் கூடாது என்று அவர் சொன்னார். அதற்கு இது சரியாகப் போயிற்று. இன்னும் எத்தனை வருஷம் முறைத்துக்கொண்டே இருப்பது?

என் கதையைச் சொல்கிறேன். கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது முயல் வளர்க்கிறேன். கறிக்கு இல்லை, தோலுக்கு. மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கூண்டும் குட்டியும் கொடுத்து, ரோமம் நன்றாக வந்ததும் வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறது. கையுறைக்குள் வைத்துத் தைப்பார்களாம், வெளிநாட்டுக் குளிருக்கு. நமக்கு இங்கே வேர்த்துக் கொட்டுகிறது, முயலுக்கு ஃபேன் போட்டு வைத்திருக்கிறேன். உன் அண்ணி, "எனக்கு இல்லாத ஃபேன் இந்தச் சனியனுங்களுக்கா" என்று தினம் ஒரு பாட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். அறிவுமதிக்குக் காது இன்னும் குத்தவில்லை என்று திருமலை சொன்னார். தாய்மாமன் நான் உயிரோடு இருக்கிறேன். என் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டிய காது அது. உங்கள் வேதத்தில் கூடாது என்றால் எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு நாள் கொடு, போதும். தோடு எடுத்து வைத்துவிட்டேன்.

உன் அண்ணன்,
மண்ணாங்கட்டி


குன்றத்தூர்
27.1.2025

அண்ணா,

உன் கையெழுத்தைப் பஸ்ஸில் பார்த்ததும் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த பூமாரி, தென்காசிப் பெண், "ஏக்கா, யாரும் தவறிட்டாகளா?" என்று பதறிவிட்டாள். இல்லடி, எங்க அண்ணன் பொழச்சி வந்துட்டான் என்றேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் அறிவுக்கு முகமெல்லாம் வீங்கிப் போயிற்று. கிட்னியில் கோளாறாம், உடம்புச் சத்தெல்லாம் சிறுநீரில் போய்விடுகிறதாம். மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மாத்திரை நோயை அடக்குகிற மாதிரியே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும், சாதாரணச் சளி என்றாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் அவளைத் தொடுகிறார். தரையை அவரே ஃபினாயில் போட்டுத் துடைக்கிறார். தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துத்தான் கொடுக்கிறோம். நீ நினைக்கிற மாதிரி அவர் கெட்டவர் இல்லை அண்ணா. உன் பேரை எடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

காது குத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். இப்போது மாத்திரையைக் குறைத்திருக்கிறோம், சுத்தமான ஊசி என்றால் குத்தலாம் என்றார். பிப்ரவரி பதினாறு ஞாயிறு அவருக்கு டே ஷிஃப்ட், ஓவர்டைமும் உண்டு. கோயில் மலை அடிவாரத்துக்கு வந்துவிடு. அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம் நம் வீட்டுக்கும் வந்து போகிறேன். எனக்கும் அந்த வாசலை மிதிக்க வேண்டும் போல இருக்கிறது. அவரிடம் நகைக்கடையில் குத்தியதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இது வெளியே தெரிந்தால் என் குடும்பம் என் கையில் இருக்காது. உன் வாயைக் கட்டி வை. அண்ணியிடமும் சொல்.

உன் தங்கச்சி,
கலைமதி


பிள்ளைப்பாக்கம்
18.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. ஊசி இறங்கினபோது அவள் அழுததைவிட நான்தான் அதிகம் அழுதேன். ஆசாரி, "யோவ் மாமா, காது உனக்கா கொழந்தைக்கா?" என்று கேட்டுவிட்டார். மானம் போயிற்று. போகட்டும்.

என் பேர் என்ன என்று கேட்டாளே, மண்ணாங்கட்டி என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாளே! எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் வயிற்றுப்போக்கில் போயிற்று, இதையாவது எமன் குப்பை என்று நினைத்து விட்டுவிடட்டும் என்று அம்மா வைத்த பேர் என்று சொன்னேன். "அப்ப நானும் மண்ணாங்கட்டி மாமா" என்றாள். அந்த வார்த்தையை நினைத்து நினைத்து உன் அண்ணி நெட்டி முறிக்கிறாள்.

நீ அண்ணியோடு அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தபோது முயல் கொட்டகையில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. ஒரு வெள்ளைக் குட்டியைப் பாவாடையில் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றுவிட்டாள். பஞ்சு என்று பேர் வைத்தாள். அதன் முகத்தோடு முகத்தை வைத்துத் தேய்க்கிறாள். கேரட்டை அதற்கு ஒரு கடி, இவளுக்கு ஒரு கடி. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நீ பார்த்தால் திட்டுவாய் என்று தொட்டித் தண்ணீரில் வாயையும் கையையும் கழுவிவிட்டுத்தான் உன்னிடம் அனுப்பினேன்.

பஞ்சைக் கொடுத்து அனுப்பாததில் அவளுக்குக் கோபம். உன் வீட்டுக்குக் கொண்டு போனால் மாட்டிக்கொள்வாய், அதனால்தான். மாமன் வீட்டில் வளரட்டும் என்று சொல். இந்த மாதம் குட்டிகளில் சிலது கழிச்சல் கண்டு செத்துப் போயிற்று, தாய்ப்பால் மறக்கிற சமயத்தில் இப்படித்தான் என்கிறான் கம்பெனி ஆள் சிவசங்கர். தட்டுகளை எல்லாம் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறேன். பஞ்சு நன்றாக இருக்கிறது.

உன் அண்ணன்,
மண்ணாங்கட்டி


குன்றத்தூர்
26.2.2025

அண்ணா,

அறிவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வயிற்றுப்போக்கு. தண்ணீர் தண்ணீராகப் போகிறது. இங்கே தெருமுனை டாக்டர் மருந்து கொடுத்தார், நிற்கவில்லை. கிட்னி டாக்டரிடம் கொண்டு போனோம். "வீட்ல ஆடு, மாடு, நாய், பூனை ஏதாச்சும் இருக்கா? எங்கயாச்சும் பிராணிங்க கூடப் பழகிச்சா?" என்று கேட்டார். அவர், "எங்க வூட்டுல ஒரு கோழிக்குஞ்சுகூட இல்ல டாக்டர்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

திறந்தால் எங்கே பார்த்தாள், யார் வீட்டில், எப்போது என்று வரும். டாக்டர் கேட்டு முடித்த பிறகும் அந்தக் கேள்வி என் காதிலேயே நிற்கிறது. கேரட் விஷயத்தை நீ எழுதியிருக்காவிட்டால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் முயலிலிருந்து குழந்தைக்கு எதுவும் ஒட்டுமா? யாரிடமாவது விசாரித்து எழுது. சுற்றி வளைக்காதே.

கலைமதி


பிள்ளைப்பாக்கம்
28.2.2025

தங்கச்சிக்கு,

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் ஆயிரம் நோயாளி, உன் பஸ்ஸில் நூறு பேர், தெருவில் சாக்கடை. அதெல்லாம் கண்ணுக்குத் தெரியவில்லை, அண்ணன் வீட்டு முயல்தான் தெரிந்ததா? நானும் உன் அண்ணியும் அதுகளோடுதான் புரண்டுகொண்டிருக்கிறோம். போன மாதம் ரெண்டு நாள் வயிறு சரியில்லை, கஷாயம் குடித்தோம், போயிற்று. ப்ளீச்சிங் பவுடர் வாடையில் எனக்கே கண் எரிகிறது. அதைத் தாண்டி எந்தக் கிருமி பிழைக்கும்?

சிவசங்கரிடமும் கேட்டேன். "ஏன் ஊர்ப் பேச்சக் கேட்டுக்கினு கீற? முயலால மனுஷனுக்கு ஒண்ணும் வராது. இந்தப் பேச்சு வெளிய போச்சுன்னா ஆபீஸ்ல கூண்டத் தூக்கிடுவாங்க, சொல்லிட்டேன். நமக்குத் தோலு நல்லா இருந்தா போதும், கொடலு எப்பிடி கீதுன்னு யாரு பாக்கப் போறாங்க?" என்றான்.

குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுத்துக்கொண்டே இரு. எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. கோபத்தில் எழுதினதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்


ஒரகடம், பஸ்ஸில்
6.3.2025

அண்ணா,

அறிவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் காலில் குத்தியிருக்கிறார்கள். லீவு எழுதிக் கொடுக்கவும் இ.எஸ்.ஐ. தாளில் கையெழுத்து வாங்கவும் இன்று கம்பெனிக்கு வந்தேன். திரும்பும் வழியில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

இருக்கிற பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, என்னவென்று தெரியவில்லை. இங்கே பெரிய டாக்டரும் அதையே கேட்டார், பிராணிகளோடு பழகினாளா என்று. என் வீட்டுக்காரர் மறுபடியும் இல்லை என்றார். குழந்தையோ, "பஞ்சு, பஞ்சு" என்று முனகுகிறாள். அவர் ஓடிப்போய்ப் பஞ்சு மிட்டாய் வாங்கி வந்து, சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் திட்டினதும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

நான் எப்படிப்பட்டவள் என்று எனக்கே புரியவில்லை. உன் முயலில் ஒன்றும் இல்லை என்றால் வீணாக என் குடும்பத்தை நானே கொளுத்திக்கொண்ட மாதிரி ஆகும். இருக்கிறது என்றால் அந்த நிமிஷமே சொல்லிவிடுகிறேன், அவர் என்னை வெட்டிப் போட்டாலும் சரி. எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். பத்தாம் தேதி பாக்கிக் கையெழுத்துக்கு மறுபடி வருவேன். அதற்குள் பதிலைத் திருமலை அண்ணனிடம் கொடுத்து வை. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போ. சிவசங்கரிடம் கேட்காதே.

கலைமதி


பிள்ளைப்பாக்கம்
9.3.2025

கலை,

சொல்லிவிடு. முதல் வரியிலேயே எழுதுகிறேன். இதைப் படித்த உடனே, பஸ்ஸைவிட்டு இறங்கினதும், டாக்டரிடம் சொல்லிவிடு.

உன்னிடம் கோபமாக எழுதின மறுநாளே எனக்குத் தூக்கம் போயிற்று. குட்டிகளின் புழுக்கையை டப்பாவில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சென்னைக்கு அனுப்பினார்கள், நேற்று முடிவு வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியாம். புழுகூட இல்லை, அதைவிடச் சின்னது. குடலில் ஒட்டிக்கொண்டு பெருகுமாம். புழுக்கை வழியாக வெளியே வந்து, கையில், தண்ணீரில், தின்கிற பொருளில் கலந்து மனுஷனுக்கும் போகுமாம். திடமான ஆளுக்குச் சில நாள் வயிற்றைக் கலக்கிவிட்டுப் போய்விடும். மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்குப் போனால் லேசில் விடாது என்றார்கள். "சாதாரணமா மலத்தை டெஸ்ட் பண்ணா இது தெரியாது. இதுதான்னு சந்தேகம் சொன்னாத்தான் அதுக்குத் தனியா பார்ப்பாங்க. உடனே போய்ச் சொல்லுங்க" என்றார்கள்.

ப்ளீச்சிங் பவுடரைப் பற்றிக் கேட்டேன். அதற்கு இது சாகாதாம். கொதிக்கிற தண்ணீருக்குத்தான் சாகுமாம். நான் மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டினேனே, கலை. அந்தத் தட்டு கழுவுகிற தொட்டியில்தான் அவள் வாயைக் கழுவினேன்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்கே வந்தேன். டாக்டரம்மா கொடுத்த சீட்டு என் பையில் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் சாம்சன் நின்றுகொண்டிருந்தார். டீயை வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். போய்ச் சொல்லிவிடலாம் என்று ரோட்டைத் தாண்டக் கால் வைத்தேன். என் மூஞ்சியைப் பார்த்தால் என்ன ஆகுமோ, குழந்தை கிடக்கிற நேரத்தில் உன்னை அங்கேயே கைவிட்டுவிட்டால் என்ன செய்வது என்று திரும்பிவிட்டேன். நாளைக்கு நீ பஸ்ஸுக்கு வருவாய் என்ற தைரியம்தான். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

அவரிடம் என் பேரைச் சொல். அண்ணன்தான் வற்புறுத்திக் கூப்பிட்டான், அண்ணன்தான் முயலைக் கொடுத்தான் என்று சொல். அவர் வந்து என்னை அடிக்கட்டும். நான் கையைத் தூக்க மாட்டேன்.

குழந்தை கண் விழித்தால் பஞ்சு சௌக்கியம் என்று சொல்.

அண்ணன்


குன்றத்தூர்
4.4.2025

அண்ணா,

முந்தாநாள் மறுபடி வேலைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறினதும் திருமலை அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்குப் பின்னால் உன் கடிதம் இருந்தது. "பத்தாந்தேதி நீ வரலம்மா. யார் கையிலயும் குடுக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? பத்திரமா வெச்சிருந்தேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. நாம் சொன்னபடி செய்தார். பத்தாம் தேதி காலையில் அறிவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, நான் எப்படி வருவேன்? பன்னிரண்டாம் தேதி போய்விட்டாள். அதற்குப் பிறகு நீ எழுதி அவரிடம் கொடுத்திருந்த கடிதத்தை நான் பிரிக்கவில்லை. பிரிக்கவும் மாட்டேன்.

ஒன்பதாம் தேதிக் கடிதத்தை மட்டும் பஸ்ஸிலேயே படித்தேன். வேலைக்குப் போகவில்லை. பாதி வழியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டர் சீட்டைப் படித்தார். அதற்கு மருந்து இருக்கிறதா டாக்டர் என்று கேட்டேன். இருக்கிறதாம். "கண்டிப்பா பொழச்சிருப்பான்னு சொல்ல முடியாதும்மா. கேட்டப்பவே சொல்லியிருந்தா அதுக்குத் தனியா பார்த்திருப்போம்" என்றார். கேட்டபோதே. அவர் கேட்டார், அண்ணா. நான் மரம் மாதிரி நின்றேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அடிப்பார், வெளியே தள்ளுவார் என்று கதவோரமாக நின்றேன். அவர் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒங்க அண்ணனைப் பாத்தேன் கலை. டீக்கடையிலேருந்து பாத்துகினுதான் இருந்தேன். கொழந்தையப் பாக்க வந்துகிறார், உள்ள வரட்டும்னு ஒதுங்கி நின்னேன். வந்தா கையப் புடிச்சிக் கூட்டிகினு போலாம்னு நெனச்சேன். திரும்பிப் பூட்டாரு. காது குத்தன அன்னிக்கே எனக்குத் தெரியும். நகைக்கடைத் தோடா அது? ஆயா காலத்து டிசைன். சரி, மாமன் செய்யறான், செய்யட்டும்னு வுட்டுட்டேன். நீ சந்தோஷமா இருந்த. எல்லாம் தெரியும் எனக்கு. முயல் மட்டும் தெரியாது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். தரையை இன்னும் ஃபினாயில் போட்டுத் துடைக்கிறார். நான் அவரைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுக்கிறேன். யாருக்குப் பயந்து நான் வாயை மூடினேனோ, அந்த மனுஷன் கோபத்தை எப்போதோ விட்டுவிட்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. ரோட்டைத் தாண்டியிருக்கலாம் அண்ணா. ஒரு ரோடுதான்.

உன்னைப் பழி சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் உன்னைப் பார்த்தால் எனக்கு அந்தத் தொட்டி ஞாபகம் வரும். என்னைப் பார்த்தால் உனக்கு நான் மூடிக்கொண்டிருந்த வாய் ஞாபகம் வரும். இனிமேல் எழுதாதே. திருமலை அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். முயல்களை என்ன செய்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம். வேறு பிள்ளைகள் யாரையும் மட்டும் அந்தக் கொட்டகைக்குள் விடாதே.

அவளைப் பெட்டியில் வைக்கும்போது தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். இடது காதுத் தோடு வந்தது. வலது காதில் புண் ஆறாமல் ஒட்டிக்கொண்டு இருந்தது, இழுக்க எனக்கு மனசு வரவில்லை. அது அவளோடு போயிற்று. கழற்றினது இந்தக் கவரில் இருக்கிறது. நீ செய்த சீர், நீயே வைத்துக்கொள்.

கலைமதி